கைரோபிராக்டர் "தகுதி பெற்றவர்" ஆன கதை

முதுகுவலி வந்தவன் யார் என்ன சொன்னாலும் செய்து பார்ப்பான். தைலம், பெல்ட், பாய் விரித்துத் தரையில் படுப்பது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கஷாயம். இந்த வரிசையில் கொஞ்ச வருடங்களாக ஒரு புதுப்பெயர் சேர்ந்திருக்கிறது: கைரோபிராக்டிக். யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பில் கையை ஊன்றி ஓர் அழுத்து. சடசடவென்று நெட்டி முறியும் சத்தம். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்.

இதைப் பற்றி எங்கே படித்தாலும் கடைசியில் ஓர் அறிவுரை இருக்கும். "தகுதி பெற்ற கைரோபிராக்டரிடம் மட்டும் போங்கள்." நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தத் தகுதியை யார் கொடுத்தார்கள்? எதைப் பார்த்துக் கொடுத்தார்கள்? இதைத் தேடிக்கொண்டு போனால் ஜெயில், கோர்ட், அப்பா மகன் சண்டை என்று நூறு வருடக் கதை ஒன்று கிடைக்கிறது. மருத்துவம் சொல்லித்தர எனக்கு அருகதை இல்லை. கதையைச் சொல்கிறேன். கைரோபிராக்டரிடம் போவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு அதுவே பாதி பதில்.

கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டாவன்போர்ட் என்னும் ஊர். அங்கே டி.டி. பால்மர் என்று ஒருவர் இருந்தார். 1845-ல் கனடாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பவர், மளிகைக் கடைக்காரர் என்று பல வேலைகள் பார்த்துவிட்டுக் கடைசியில் "காந்த வைத்தியர்" ஆனவர். காந்த வைத்தியம் என்றால் காந்தக்கல் வைத்து அல்ல. உடம்பில் ஓடும் ஏதோ ஒரு சக்தியைக் கையால் தடவிச் சரிசெய்வதாகச் சொல்லும் வைத்தியம். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சகஜம். டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டவர்களில் பலரும் அப்போது ஒழுங்காகப் படித்தவர்கள் அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1895 செப்டம்பர் 18. பால்மரின் அறை இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். 17 வருடங்களாக அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஒருநாள் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது, அதிலிருந்து காது போய்விட்டது என்று அவர் சொன்னாராம். பால்மர் தடவிப் பார்த்தார், முதுகெலும்பில் ஓரிடம் துருத்திக்கொண்டிருந்தது, அழுத்தினார், காது கேட்டது. பால்மர் எழுதி வைத்த கதை இது. லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்னது வேறு. இருவரும் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தபோது பால்மர் கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார், அதன்பிறகுதான் காது கொஞ்சம் தெளிவானது என்றார் அவர்.

எது உண்மையோ. ஒரு விஷயம் மட்டும் நிச்சயம். காதிலிருந்து மூளைக்குப் போகும் கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முதுகுப் பக்கம் அது வருவதே இல்லை! பதினோராம் வகுப்பு உயிரியல் படித்தவர்களுக்கே இது தெரியும். ஆனால் பால்மர் அந்த ஒரு சம்பவத்திலிருந்து ஒரு பெரிய கோட்டையைக் கட்டினார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு இடம் பிசகுவதால் வருகின்றன, பிசகிய எலும்பு நரம்பை அழுத்துகிறது, எலும்பைத் தள்ளினால் நோய் போகும் என்றார். அந்தப் பிசகலுக்கு "சப்லக்சேஷன்" என்று பெயர். இந்த வார்த்தையை மறக்காதீர்கள், கதை முழுக்க வரும்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? முதல் நோயாளி வந்தது முதுகுவலிக்காக அல்ல. இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் தன்னை முதுகுவலி வைத்தியராக நினைக்கவே இல்லை. எல்லா நோய்க்கும் வழி கண்டுபிடித்தவராகவே நினைத்தார்.

பால்மரிடம் வைத்தியம் செய்துகொண்ட சாமுவேல் வீட் என்ற பாதிரியார் கிரேக்க மொழியில் கை, செயல் என்ற சொற்களைச் சேர்த்து "கைரோபிராக்டிக்" என்று பெயர் வைத்துக் கொடுத்தார். (தமிழில் "கை" என்றே ஆரம்பிப்பது தற்செயல்தான். ஆராய்ச்சி பண்ணக் கிளம்பிவிடாதீர்கள்!) 1897-ல் பால்மர் பள்ளி தொடங்கினார். 1906-ல் மருத்துவ உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக வழக்கு வந்தது. அபராதம் கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக ஜெயிலுக்குப் போனார். 23 நாள் கழித்து மனம் மாறி அபராதம் கட்டி வெளியே வந்தார். பள்ளி மகன் பி.ஜே. பால்மர் கைக்குப் போனது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஆகவே ஆகாது. 1913-ல் பெரியவர் இறந்தபோது, ஊர்வலத்தில் மகன் ஓட்டிய கார் மோதியதுதான் காரணம் என்றுகூடச் சிலர் குற்றம் சாட்டினார்கள். இறப்புச் சான்றிதழில் இருந்தது டைபாய்டு காய்ச்சல். அது தனிக் கதை, விட்டுவிடுவோம்.

உண்மையான திருப்பம் 1907-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் நடந்தது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே முக்கியமான நாட்கள் அவைதான். ஷெகதாரோ மோரிகுபோ என்ற ஜப்பானியர் அங்கே கைரோபிராக்டிக் செய்துவந்தார். உரிமம் இல்லாமல் "ஆஸ்டியோபதி" செய்தார் என்று அவர்மேல் வழக்கு. ஆஸ்டியோபதி என்பதும் உடம்பைக் கையால் அழுத்திச் செய்யும் வைத்தியம்தான். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் தொடங்கியது. கைரோபிராக்டிக்கை விட இருபது வருடம் மூத்தது. விஸ்கான்சினில் அதற்கு ஏற்கெனவே சட்டமும் உரிமமும் இருந்தன. இரண்டும் எலும்பைத் தள்ளும் வேலைதானே, ஒன்றுக்கு உரிமம் வேண்டும் என்றால் இன்னொன்றுக்கும் வேண்டாமா? நியாயமான கேள்விதான்.

மோரிகுபோவின் வக்கீல் டாம் மாரிஸ் கெட்டிக்காரர். "என் கட்சிக்காரர் நோயைக் குணப்படுத்தினாரா" என்ற பக்கமே அவர் போகவில்லை. இரண்டின் தத்துவமும் வேறு என்றார். ஆஸ்டியோபதி ரத்த ஓட்டத்தைப் பேசுகிறது, கைரோபிராக்டிக் நரம்பைப் பேசுகிறது, ஆகவே இது அது அல்ல என்றார். ஜூரிகள் மோரிகுபோவை விடுதலை செய்தார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். சப்லக்சேஷன் கொள்கை ஒரு மருத்துவக் கருத்தாக இருந்தது போய், ஜெயிலுக்குப் போகாமல் காக்கும் கவசமாக ஆகிவிட்டது. கொள்கையை விட்டால் கேஸ் தோற்றுவிடும்! அதனால் சொற்களையும் தனியாக வைத்துக்கொண்டார்கள். நாங்கள் நோயறிவதில்லை, "ஆராய்கிறோம்". சிகிச்சை தருவதில்லை, "சரிக்கட்டுகிறோம்". பொதுவாக ஒரு மருத்துவக் கருத்து தவறு என்று தெரிந்தால் டாக்டர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது அதைக் கைவிடுவார்கள். இங்கே கைவிடுவதே ஆபத்தாக இருந்தது. இன்றைக்கும் சில கைரோபிராக்டர்கள் ஆஸ்துமாவுக்கும் முதுகெலும்பைத் தடவுகிறார்கள் என்றால், அதன் வேர் இந்த லா கிராஸ் கோர்ட்டில் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த கட்டம் உரிமத்துக்கான போராட்டம். 1913-ல் கன்சாஸ் மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான கைரோபிராக்டர்கள் அபராதம் கட்டாமல் வேண்டுமென்றே ஜெயிலுக்குப் போனார்கள். மக்கள் அனுதாபம் அவர்கள் பக்கம் திரும்பி, 1922-ல் பொது வாக்கெடுப்பிலேயே சட்டம் நிறைவேறியது. கடைசியாக 1974-ல் லூசியானா. ஆக, ஒரு நாட்டுக்குள் முழுச் சட்ட அங்கீகாரம் கிடைக்க 61 வருடம்.

இந்த உரிமம் எதைச் சான்று செய்தது என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடம்தான். பல மாநிலங்களில் பரீட்சை வைத்த குழுவே கைரோபிராக்டர்கள் குழு. ஆரம்பகாலப் பள்ளிகளில் சில தபால் வழியாகவே பட்டம் கொடுத்தன. (முதுகெலும்பைத் தடவிப் பழகாமல் தபாலில்!) 1925-லிருந்து சில மாநிலங்கள் ஒரு தந்திரம் செய்தன. எந்த வைத்தியமாக இருந்தாலும் சரி, உரிமம் வேண்டுமானால் முதலில் உடற்கூறியல், உடலியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடங்களில் பொதுத் தேர்வு எழுது என்றன. டாக்டர்களுக்கும் அதே தேர்வு. கைரோபிராக்டர்கள் ஏராளமாகத் தோற்றார்கள். வஞ்சகம் என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, அவர்களை வெளியே தள்ளுவதும் அந்தச் சட்டத்தின் ஒரு நோக்கம்தான். ஆனாலும் பள்ளிகளில் பாடம் ஒழுங்கானதற்கு அந்த அடியும் ஒரு காரணம்.

வீட்டுக்குள்ளேயும் சண்டை. கையால் முதுகெலும்பைத் தவிர வேறெதையும் தொடாதே என்பவர்கள் ஒரு பக்கம். உடற்பயிற்சி, ஒத்தடம், உணவு எல்லாம் சேர்த்துச் செய்யலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் கோஷ்டிக்குத் தலைவர் பி.ஜே. பால்மர். அவரே 1924-ல் முதுகின் சூட்டை அளந்து சப்லக்சேஷனைக் காட்டும் என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தார். விலைக்குக் கிடையாது, வாடகைக்குத்தான், அதுவும் அநியாய வாடகைக்கு. இது இல்லாமல் தொழில் செய்யாதே என்றார். கூட்டம் உடைந்தது.

இந்தச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்த ஒருவரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஜான் நியூஜென்ட். 1941-லிருந்து தேசியச் சங்கத்தின் கல்வி இயக்குநராக இருந்தவர். லாபத்துக்கு நடந்த குட்டிப் பள்ளிகளை மூடவைத்தும் ஒன்றாகச் சேர்த்தும் நான்கு வருடப் படிப்பை நோக்கித் தள்ளியவர். தன் சொந்த ஆட்களிடமே நிறையத் திட்டு வாங்கினார். இன்றைக்கு "தகுதி பெற்ற" என்ற சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறது என்றால் அதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் படிப்புக்கான அங்கீகாரக் குழுவை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1974-ல். ஆமாம், லூசியானா சட்டம் வந்த அதே வருடம்.

அதற்குச் சற்று முன் 1972-ல் இன்னொன்று நடந்தது. முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், கைரோபிராக்டிக்குக்கும் பணம் தரும் என்று சட்டம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. எக்ஸ்ரேயில் சப்லக்சேஷன் தெரிய வேண்டும். எக்ஸ்ரேயில் பால்மர் சொன்ன மாதிரி ஒன்று தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் காசு வேண்டுமே! படம் எடுத்தார்கள். 2000-ல்தான் அந்த எக்ஸ்ரே நிபந்தனை போனது.

இனி பெரிய வழக்கு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-ல் போலி வைத்தியத்துக்கு எதிராக ஒரு குழு அமைத்தது. அதன் முக்கிய இலக்கு கைரோபிராக்டிக். டாக்டர்கள் கைரோபிராக்டரோடு சேர்ந்து வேலை செய்யக்கூடாது, நோயாளியை அவர்களிடம் அனுப்பக்கூடாது, அவர்கள் அனுப்பினால் பார்க்கவும் கூடாது. 1976-ல் செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சில கைரோபிராக்டர்களும் சிகாகோவில் வழக்குப் போட்டார்கள். முதல் விசாரணையில் தோற்று, அப்பீலில் மறுவிசாரணை வாங்கி, 1987-ல் நீதிபதி சூசன் கெட்சன்டானரிடம் ஜெயித்தார்கள். மருத்துவச் சங்கம் சட்டவிரோதமாகப் புறக்கணிப்பு நடத்தியது என்பது தீர்ப்பு. 1990-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பலரும் இடறி விழும் இடம் இது. "கோர்ட்டே கைரோபிராக்டிக்கை ஏற்றுக்கொண்டது" என்று இந்தத் தீர்ப்பைக் காட்டுபவர்கள் உண்டு. நீதிபதி அப்படிச் சொல்லவில்லை. வழக்கு வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் நடந்தது. ஒரு தொழில்காரர்கள் கூட்டுச் சேர்ந்து இன்னொரு தொழில்காரர்களை ஒழிக்கலாமா என்பதே கேள்வி. இந்த வைத்தியம் அறிவியல்படி சரியா என்று தான் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதை அவர் தெளிவாகவே குறிப்பிட்டார். 1907-லும் சரி, 1987-லும் சரி, கோர்ட்டில் ஜெயித்தது தொழில் செய்யும் உரிமை. வைத்தியம் வேலை செய்கிறதா என்ற கேள்வி அப்படியே வெளியே நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்கு மெதுவாக ஆராய்ச்சிகள் பதில் சொல்லின. 1994-ல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வெளியிட்ட வழிகாட்டி, திடீரென்று வந்த இடுப்பு வலிக்கு முதல் மாதத்தில் கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை உதவலாம் என்றது. 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் மாத்திரைக்கு முன் செய்து பார்க்கத் தக்கவற்றில் ஒன்றாக இதைச் சேர்த்தது, வெந்நீர் ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றோடு. பிரிட்டனின் 2016 வழிகாட்டி இன்னும் கறார்: உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் செய்யலாம், தனியாக வேண்டாம். ஆக, பலன் இருக்கிறது, ஆனால் சுமாரான பலன். அதுவும் முதுகுவலிக்கு. எல்லா நோய்க்கும் மருந்து என்று கிளம்பிய வைத்தியம், பெரியவர் பால்மர் பெரிதாக எண்ணாத ஒரே ஒரு வலியில் வந்து கால் ஊன்றியது!

பிரிட்டன் கதையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே 1994-ல் தனிச் சட்டம் வந்தது. 2001-லிருந்து பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். இதைவிடத் தெளிவான "தகுதி" வேண்டுமா? ஆனால் 2008-ல் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் கார்டியன் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைகளின் வயிற்றுவலி, காதுத் தொற்று, ஆஸ்துமாவுக்கெல்லாம் இதைப் பரிந்துரைக்க ஆதாரம் எங்கே என்று கேட்டார். கைரோபிராக்டர் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. பலன் நேர்மாறாக ஆனது. ஊரெல்லாம் கைரோபிராக்டர்களின் இணையதளங்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். 500-க்கும் மேற்பட்டவர்கள்மேல் கவுன்சிலுக்குப் புகார் போனது. 2010 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் சிங் பக்கம் தீர்ப்பளிக்க, சங்கம் வழக்கைக் கைவிட்டது. அடுத்த மாதமே கவுன்சில் ஓர் அறிக்கை விட்டது: சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆராய்ச்சி ஆதாரம் இல்லை.

115 வருடம் ஆனது இதைச் சொல்ல. புகார் போனது போலிகள்மேல் அல்ல என்பதையும் பாருங்கள். அத்தனை பேரும் பதிவு பெற்றவர்கள், படித்தவர்கள்.

இப்போது நம் ஊர். என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா லாரி ஓட்டுபவர். இடுப்பு வலிக்கு ஓரிடத்தில் 20 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் பளபளவென்று இருந்ததாம். எத்தனை வருடப் படிப்பு, எந்த நாட்டுப் படிப்பு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான்காவது சிட்டிங்கில் வலி காலுக்கு இறங்கிவிட்டது. போன பணம் போனதுதான்.

இந்தியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை. ஆகவே போர்டில் அந்தப் பெயர் போட்டிருப்பவர் வெளிநாட்டில் முழுப் படிப்பு முடித்தவராக இருக்கலாம், குறுகிய காலப் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்டாக இருக்கலாம், இரண்டும் இல்லாதவராகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டி முழுப் படிப்புக்கு 4200 மணி நேரம் சொல்கிறது, அதில் 1000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது. வேறு மருத்துவப் படிப்பு முடித்தவர்களுக்குக் குறைந்த மணிக்கணக்கு உண்டு. வார இறுதி வகுப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வெளிநாட்டில் படித்தேன் என்பவரிடம் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் பதிவு என்று கேளுங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா பதிவேடுகளையும் அமெரிக்க மாநில வாரியங்களின் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பிசியோதெரபிஸ்ட் என்றால் அந்தப் பட்டத்தையே கேட்டுக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதோடு அவர் வாயைக் கவனியுங்கள். முதுகு, இடுப்பு, கழுத்து என்று நின்றால் சரி. சர்க்கரை, ஆஸ்துமா, கைக்குழந்தையின் அழுகை என்று போனால் அவர் இன்னும் 1895-ல் இருக்கிறார். தொடுவதற்கு முன்னால் அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா? சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுகிறதா, தொடையிடுக்கில் மரத்துப் போகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, முன்பு புற்றுநோய் வந்ததா, எலும்பு தேய்மானம் உண்டா, சமீபத்தில் விழுந்தீர்களா. இதில் எதற்காவது ஆம் என்றால், அவர் மேசையில் படுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முதல் இரண்டுக்கும் அன்றைக்கே போக வேண்டும், தள்ளிப்போட்டால் கால் செயலிழக்கக்கூடும்.

கழுத்து விஷயம் தனி. கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பதற்கும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதற்கும் தொடர்பு காணப்படுவதாக அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் எழுதியது. அபூர்வம்தான், எது காரணம் எது விளைவு என்ற விவாதமும் முடியவில்லை. ஆனால் இடுப்பு வலிக்குப் போனவரின் கழுத்தை எதற்குத் திருப்ப வேண்டும்? "கழுத்தைத் தொட வேண்டாம்" என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடலாம்.